வளவில்லாத தூண்கள்

சென்னையிலும் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், அல்லது அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கி அதன் உட்புறத்தைத் தங்கள் மனத்துக்கு உகந்தவாறு அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், சில காலமாகச் செட்டிநாட்டுப் பாணி என்ற ஒன்றைப் பிரியத்துடன் நாடி வருகிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் தேக்குத் தூண்களில் இரண்டைப் பேரம் பேசி வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், வரவேற்பறையில் தரைக்கும் கூரைக்கும் நடுவே எந்தப் பாரத்தையும் தாங்காதபடி நிறுத்துகிறார்கள். கஜலக்ஷ்மி செதுக்கிய நிலை ஒன்றைச் சுவரில் பதித்து அதற்குள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். இரட்டைக் கதவில் ஒன்றைப் படுக்க வைத்து, மேலே கண்ணாடிப் பலகை பரப்பி, உணவு மேஜையாக்குகிறார்கள். இந்தச் செய்கைகளுக்குப் பின்னால் இருக்கும் ஆசையை நான் குறைவாக மதிப்பவனல்லன். முன்னோர் கைபட்டுத் தேய்ந்த மரம் ஒன்று தம் வீட்டிலும் இருக்கட்டும் என்று நினைப்பதும், எங்கும் ஒரே அச்சில் வார்த்தெடுத்தவையாகக் கிடைக்கும் பலகை அலமாரிகளுக்கு நடுவே ஒரு தச்சனின் உளி போன வழியைக் கண்ணால் தடவிப் பார்க்க விரும்புவதும் நல்ல மனத்தின் லட்சணங்களே. ஆயினும் அத்தகைய அறை ஒன்றில் உட்கார்ந்து அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: ஒரு வீட்டிலிருந்து அதன் பாணியை எடுத்து வருவதென்றால், எதை எடுத்து வருவது?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வறண்ட பூமியில் நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தினர் குடியேறிய ஊர்கள் 96 என்பது மரபு. இன்று அவர்களுடைய ஊர்களாக எஞ்சி நிற்பவை எழுபதுக்குச் சற்று மேல். அங்குள்ள பெரிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ அத்தகைய வீடு ஒன்றின் முன்வாசலில் நின்றுகொண்டு, எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் ஒரு விசேஷ நாளில் உள்ளே நோக்கினால், இந்தத் தெருவில் புறப்பட்ட பார்வை ஒரு நிலைக்குள் மற்றொரு நிலையாக நுழைந்து, வெயிலையும் நிழலையும் மாறி மாறிக் கடந்து, பின்தெருவில் போய்த்தான் இறங்கும். திண்ணையும் அதையொட்டிய முகப்பும் ஆண்கள் உட்கார்ந்து வியாபாரம் பேசுவதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும், வந்தவரை வரவேற்பதற்கும் உரியவை. வீட்டின் பிரதான நிலை அதற்கப்பால் நிற்கிறது. சிற்பங்களில் பெரும்பகுதி அங்கே குவிந்திருப்பதற்குக் காரணம், ஊருக்குப் பொதுவான பகுதி அங்கே முடிந்து குடும்பத்துக்கு உரியது அங்கே தொடங்குவதுதான். அந்த நிலையைத் தாண்டினால் வளவு: வானத்துக்குத் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னே நிழலான தாழ்வாரம், தாழ்வாரத்தின் இருமருங்கிலும் வரிசையாக அறைகள்.

இந்த அறைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. சில காலத்துக்குப் பின் அந்தத் தம்பதிகளை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே கூரையின் கீழ், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்துகொண்டே அவர்கள் தங்களுக்கென்று தனி அடுப்பும் தனி வரவு செலவும் வைத்துக்கொள்வார்கள். கோவிலுக்கு வரி கொடுக்கும்போதும் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவார்கள். கூட்டுக் குடும்பம் என்றால் தனித்தன்மை கரைந்து போவது என்றும், தனிக் குடித்தனம் என்றால் உறவு அறுந்து போவது என்றும் நாம் இன்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதர்களோ இவ்விரண்டையும் ஒரு முற்றத்தைக் கொண்டு சமரசம் செய்து வைத்தார்கள். பூட்டிய அறைக்குள் பெண் கொண்டுவந்த சீர் சாமான்கள், பாத்திரங்கள், பட்டுப் புடவைகள், நகைப்பெட்டி. திறந்த வளவில் அனைவருக்கும் பொதுவான காற்று, வெளிச்சம், விவாகம், முன்னோருக்கு இடும் படைப்பு. அறை சிறியது, இருளடைந்தது. வளவு பெரியது, பிரகாசமானது. எது அந்தரங்கம், எது பகிர்ந்துகொள்வது என்ற பிரக்ஞை செங்கல்லிலும் மரத்திலும் அப்படி எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரு தூண்களை மட்டும் பெயர்த்து எடுத்து வருகிறவர் இந்த எழுத்தில் ஒரு வரியையும் கொண்டுவர முடிவதில்லை.

பொருள்களைப் பற்றியோ என்றால், அவற்றில் அந்த மண்ணுக்கு உரியவை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. தூண் பர்மாத் தேக்கு. தரைச் சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. சுவரில் இடுப்பளவு உயரத்துக்குப் பதித்த பூவேலைப் பளபளப்புக் கற்கள் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் செய்யப்பட்டவை. ஆளுயரக் கண்ணாடிகள் பெல்ஜியத்தவை. வார்ப்பிரும்புத் தூண்களும் கிராதிகளும் பிரிட்டனிலிருந்து கப்பலேறியவை. மாமியார் வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கும் பீங்கான் பூச்சுப் பாத்திரங்கள்கூட ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா என்று தூர தேசத்து முத்திரைகளைத் தாங்கியவை. சுவரில் ரவிவர்மாவின் அச்சுப்படங்கள். முகப்பின் உச்சியில், சுதை வேலையில், லக்ஷ்மிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய ஆங்கிலச் சிப்பாய். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்ப்பவர், அதைக் கட்டிய காலத்துத் துறைமுகங்களின் ஜாபிதா ஒன்றையே சுவர்களில் படிக்கலாம். இன்று நாம் பாரம்பரியம் என்று பக்தியோடு வாங்குகிற பல சாமான்கள், அன்று வாங்கியவரின் கண்ணுக்குப் புத்தம்புது நாகரிகமாகவே இருந்தன.

அப்படியானால் அந்த வீடுகள் ஏன் கதம்பமாகத் தோன்றவில்லை? இவ்வளவு அந்நியச் சரக்கு வந்து குவிந்தும், உள்ளே கால் வைத்த மாத்திரத்தில் இது செட்டிநாடு என்று எவருக்கும் ஏன் புலப்படுகிறது? என் எண்ணம் இதுதான்: வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளுக்கும் அந்த வீட்டின் ஒழுங்கில் ஓர் இடம் முன்பே நியமிக்கப்பட்டிருந்தது. சலவைக்கல் வந்தது, ஆனால் விருந்தினர் அமரும் முகப்பைத் தாண்டி அது அதிக தூரம் போகவில்லை. ஐரோப்பிய நாற்காலிகள் வந்தன. அவையும் வாசலோடு நின்றன. வளவில் மக்கள் தரையில்தான் உட்கார்ந்தார்கள், பாய் விரித்துத்தான் படுத்தார்கள். பெல்ஜியம் கண்ணாடி வந்தது, அது கல்யாணக் கூட்டம் கூடுகிற கூடத்தில் தொங்கி, கூட்டத்தை இரட்டிப்பாக்கிக் காட்டியது. முற்றத்தை மூடி அதன்மேல் கண்ணாடி விளக்கைத் தொங்கவிட வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. உலகத்தையே விலைக்கு வாங்கும் வசதி படைத்திருந்தவர்கள், தங்கள் வீட்டின் வரைபடத்தை மட்டும் எவரிடமிருந்தும் வாங்கவில்லை. அதைத் தங்கள் பாட்டனாரின் ஓட்டு வீட்டிலிருந்தே எடுத்து, அகலமாக்கியும் உயரமாக்கியும் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய ரசனையின் பலம் அங்கே இருந்தது. நாமோ வரைபடத்தை எங்கிருந்தோ வாங்கிவிட்டு, அலங்காரத்தை மட்டும் பாட்டனாரிடம் கேட்கிறோம்.

வளவு செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தால் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகும். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரைகளும் உட்புறமாகச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்கின. மழை குறைந்த அந்தச் சீமையில் அந்த நீரை அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள், மிகுந்தது வெளியேறி ஊருணிக்குப் போகுமாறு ஊரின் வாய்க்கால்களை அமைத்திருந்தார்கள். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறிச் செல்ல, தடித்த சுவர்களுக்கிடையே இருந்த நடைகளிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்பியது. நடுவெயில் முற்றத்தில் விழுந்தாலும், தாழ்வாரத்தின் ஆழத்துக்கு வந்து சேரும்போது அது கண்ணைக் கூசாத ஒளியாகக் கனிந்துவிடும். அந்த ஒளியில்தான் தேக்குத் தூணின் கருமை அழகாயிற்று. கடையில் வாங்கிய தூண் நகரத்து அறையின் வெள்ளை விளக்கின் கீழ் ஏன் செத்தது போல் நிற்கிறது என்று வியப்பவர்கள், அதற்கு ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலும் எப்போதும் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சமும், சுற்றிலும் காலி இடமும் இல்லாமல் எந்தச் சிற்பமும் தன் முகத்தைக் காட்டுவதில்லை.

காலி இடம் என்றேன். அந்த வீடுகளின் மகத்தான ஆடம்பரம் என்று நான் கருதுவது தேக்கையோ கண்ணாடியையோ அல்ல. ஆண்டில் பெரும்பகுதி நாட்களுக்கு ஒன்றும் வைக்கப்படாமல் கிடந்த அந்தத் தரையைத்தான். நடுவீட்டுக் கோலம் போடுவதற்கும், பந்தியில் நூற்றுக்கணக்கானோரை உட்கார்த்தி இலை போடுவதற்கும், சீர் சாமான்களை ஊரார் பார்க்கப் பரப்பி வைப்பதற்கும், நெல்லையும் வற்றலையும் காய வைப்பதற்கும் அது ஒழிந்தே இருக்க வேண்டியிருந்தது. நம் அலங்காரக் கலையோ வெறுமையைக் கண்டு அஞ்சுகிறது. ஒரு மூலை ஒழிந்திருந்தால் அங்கே ஓர் உருளி, உருளியில் பூ, பக்கத்தில் ஒரு மரக்குதிரை என்று நிரப்பிய பிறகுதான் அதற்கு நிம்மதி. பழைய பொருள்களை நெருக்கமாக அடுக்கிய அறையில் கடையின் சாயல் வந்து விடுகிறது, வீட்டின் சாயல் வருவதில்லை.

மற்றொரு விஷயமும் என்னை உறுத்துகிறது. நகரத்துக்குப் பெயர்ந்து வருபவை எல்லாம் முகப்பின் பொருள்கள், அதாவது அந்நியர் கண்ணில் படவேண்டும் என்று ஆண்கள் செய்து வைத்த பொருள்கள். வளவைத் தாண்டிய இரண்டாங்கட்டையும், சமையற்கட்டு இருந்த மூன்றாங்கட்டையும் யாரும் அலங்காரத்துக்காகத் தேடுவதில்லை. ஆனால் வீட்டின் வாழ்க்கை நடந்தது அங்கேதான். ஆண்கள் ரங்கூனிலும் மௌல்மீனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக் கடைகளில் மூன்று ஆண்டுத் தவணைக்கு மேல் தவணையாகக் கழித்த காலத்தில், இந்த மாளிகைகளை நிர்வகித்தவர்கள் ஆச்சிமார்கள். வரிசையாக அமைந்த கருங்கல் அம்மிகள், ஆட்டுக்கல், உரல், கிணறு, வடகம் காயும் வெளி, ஓலையில் பின்னிய கொட்டான்கள் ஆகிய இவை அத்தனையும் சிற்பம் இல்லாதவை, ஆனால் உபயோகத்தின் நியாயத்தால் ஒவ்வொன்றும் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டவை. செட்டிநாட்டு உள்ளலங்காரத்தைக் கற்க விரும்பும் ஒருவர் முகப்பில் ஒரு மணி நேரம் செலவழித்தால், மூன்றாங்கட்டில் ஒரு பகல் முழுதும் செலவழிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். வேலை செய்கிறவள் குனிந்து நிமிரும் தூரத்தை அறிந்து அமைத்த அறை அது. இன்றைய சமையலறைகளில் பல அதற்கு ஈடாகா.

அந்த வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். சுண்ணாம்பையும் மணலையும் நாட்கணக்கில் புளிக்க வைத்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை ஊற்றிப் பிசைந்து, முரட்டுப் பூச்சின்மேல் நயமான பூச்சு, அதன்மேல் அதனினும் நயமானது என்று அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்த மெல்லிய பூச்சைக் கொடுத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதனால் சுவர் கோடையிலும் கைக்குக் குளிர்ந்திருக்கும். வருஷந்தோறும் வெள்ளையடிக்கும் தேவை இல்லாமல் பல தலைமுறைகள் அதன் மெருகு நிலைக்கும். இது வாங்கி எடுத்துச் செல்ல முடியாத பொருள். வீட்டை இடிக்கும்போது தேக்குக்கு விலை உண்டு, கதவுக்கு விலை உண்டு, செங்கல்லுக்கும் விலை உண்டு. எல்லாவற்றிலும் அதிக உழைப்பை விழுங்கிய அந்தப் பூச்சு மட்டும் புழுதியாகிப் போகிறது. ஆனால் வித்தை சாகவில்லை. அதை அறிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து பூசுகிறார்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் கதையும் அத்தகையதே. சதுரமான கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் அந்தந்த வர்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் வார்த்து, அச்சை ஆடாமல் அசையாமல் மேலே தூக்குவது கைப்பழக்கத்தின் காரியம். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்து, காய வைத்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையோ நெருப்போ கிடையாது. அந்தப் பளபளப்பு முழுதும் கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. மனிதர் கால்படக் கால்பட, எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, அது மேன்மேலும் மெருகு பெறும். ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் வர்ணம் இம்மியளவு மாறுபடும், கோடு சற்று நெளியும். தரை முழுதும் விரிந்த பின் அந்த மாறுபாடுகளே அதற்கு உயிர் கொடுக்கின்றன. இடிந்த வீட்டிலிருந்து பெயர்த்த பழைய கதவொன்றை வாங்குவதைக் காட்டிலும், இன்று ஆத்தங்குடியில் வார்க்கப்படும் புதிய கல்லைத் தரையில் பாவுவது அந்த மரபுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்பது என் துணிபு. முதலாவது ஒரு வீடு குறைவதால் கிடைப்பது. இரண்டாவது ஒரு தொழிலாளியின் குடும்பம் நிலைப்பதால் கிடைப்பது.

வீடுகள் ஏன் குறைகின்றன என்பதையும் இந்தப் பொருள்களை நேசிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும், ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்புக் காடுகள் உலகத்துக்கே அரிசி விளைவிக்கும் வயல்களாயின. அந்தச் சாகுபடிக்குக் கடன் கொடுத்த பணத்தில் விளைந்தவை இந்த மாளிகைகள். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கடனுக்கு ஈடாக நிலங்கள் லேவாதேவிக்காரர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதமாயிற்று. வேண்டி வாங்கிய சொத்தல்ல அது; நிலமிழந்த பர்மியக் குடியானவரின் கோபத்தையும் சேர்த்துக் கொண்டுவந்த சொத்து. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பர்மாவிலிருந்த இந்தியர் எத்தனையோ பேர் கால்நடையாகவே தாயகம் திரும்பினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியதோடு திரும்பிப் பெறும் நம்பிக்கையும் போயிற்று. அழகிய தேக்குத் தூணின் கீழே ஒரு வேற்று நாட்டு உழவனின் இழப்பும் இருக்கிறது என்பதை மறைத்து அந்தத் தூணைப் போற்றுவது நேர்மையாகாது.

வருமானம் நின்ற பின்னும் வீடு நின்றது. ஒரு தகப்பன் கட்டிய வீடு பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் என்று பல பங்காளிகளின் உடைமையாயிற்று. அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் பரவினார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடித் திறந்து, கோலமிட்டு, முடிந்ததும் பூட்டிப் போகும் குடும்பங்கள் இன்றும் பல. சில வீடுகள் விருந்தினர் விடுதிகளாகி மறுவாழ்வு பெற்றிருக்கின்றன. 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீடு மறுபடி எழுப்பப்பட்டு நிற்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதி இடம் பெற்றது. ஆனால் பங்காளிகள் உடன்படாத இடத்தில், பராமரிக்கவும் முடியாமல் பங்கிடவும் முடியாமல், கடைசியில் வீட்டை மரமாகப் பிரித்து விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே எளிதாகி விடுகிறது. அதில் ஒருவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாயிரம் மைல் தொலைவில் இருக்கும் ஒருவர், தம் பங்குக்கு வந்த கால் அறைக்காக என்ன செய்ய முடியும்?

பிரிந்து வந்த தூண்களையும் நல்ல முறையில் நிறுத்தலாம் என்பதற்குக் கொழும்பில் ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 33ஆம் ஒழுங்கையில் இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தமக்கென அமைத்துக்கொண்ட இல்லத்தில் செட்டிநாட்டுத் தூண்களையும் சேர்த்துக்கொண்டார். அவற்றை அவர் வரவேற்பறையின் காட்சிப் பொருளாக்கவில்லை. நடையின் நடுவே, வானம் திறந்த ஒரு சிறு நீர்த்தொட்டியை ஒட்டி நிறுத்தினார். முற்றம் எவ்வளவு சிறிதாயினும் அது முற்றம் என்பதையும், தூண் என்பது வெயிலும் மழையும் வந்து இறங்கும் இடத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய பொருள் என்பதையும் அறிந்த கை அது. நம் அடுக்குமாடி வீடுகளில் அத்தகைய முற்றத்துக்கு வழியில்லை என்பார்கள். முழு முற்றத்துக்கு இல்லைதான். ஆனால் பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து அறையோடு சேர்த்து விடாமல் அதைத் திறந்ததாகவே விடலாம். வாசல் கதவைத் திறந்ததும் முழு வீடும் அந்நியர் கண்ணில் படாதபடி நடுவே ஒரு நிலையை நிறுத்தி, இப்புறம் முகப்பு, அப்புறம் குடும்பம் என்று பிரிக்கலாம். ஒரு கூடத்தை, ஒரே ஒரு கூடத்தையேனும், மேஜை நாற்காலி இல்லாமல் பத்துப் பேர் பந்தி உட்காரும்படி ஒழித்து வைக்கலாம். இவற்றில் ஒன்றைச் செய்த வீட்டில் ஒரு பழைய பொருளும் இல்லாவிட்டாலும் செட்டிநாட்டின் சாரம் இருக்கும்.

அதற்கு மேலும் செலவழிக்க ஒருவரிடம் பணமிருந்து, அவருக்கு அந்தச் சீமையில் பங்குள்ள வீடு ஒன்று இருக்குமானால், நான் அவரிடம் முதலில் கேட்பது கூரையைப் பற்றித்தான். நாட்டு ஓடு குரங்கின் காலிலும் காற்றிலும் நகரும். நகர்ந்த இடத்தில் ஐப்பசி மழை கசியும். கசிந்த நீர் சட்டத்தில் இறங்கிக் கைமரத்தை உளுக்க வைக்கும். கைமரம் உளுத்த வீட்டைத்தான் பங்காளிகள் விலை பேசத் தொடங்குகிறார்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆள் வைத்து ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, திரும்ப மேய்வதற்கு ஆகும் தொகை, நகரத்து வரவேற்பறைக்காகப் பேரம் பேசப்படும் இரண்டு தூண்களின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆவணியிலேயே ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். நாட்டு ஓடு மேயத் தெரிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை, புரட்டாசி பிறந்துவிட்டால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.